குழந்தை ஆசனமும் ஆசனப்பட்டியும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரசர்களின் பெயர்களிலும் போர்களின் ஆண்டுகளிலும் தேடுவது பழைய வழக்கம். மக்கள் நாள்தோறும் கையாளும் சிறு பொருள்களிலும் அவ்வரலாறு பொறிக்கப்பட்டிருக்கின்றது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். மோட்டார் வண்டியின் பின்புறத்தில் குழந்தைக்கென வைக்கப்படும் ஆசனமும், அதனை வண்டியோடு பிணைத்து நிறுத்தும் ஆசனப்பட்டியும் அத்தகைய பொருள்களே. பார்வைக்கு இது தாய் தந்தையரின் கைவேலை. பட்டியைக் கோத்து, இழுத்து, பூட்டிவிட்டால் முடிந்துவிடும் காரியம். ஆயினும் அந்தப் பட்டி இறுகாமற் போனால் குற்றம் யாருடையது என்ற வினாவை எழுப்பியவுடன், கைத்தொழில் அதிபர்களும் மருத்துவர்களும் சட்டமன்றங்களும் சாதாரணப் பெற்றோரும் பங்குகொண்ட அரை நூற்றாண்டுப் போராட்டம் ஒன்று நம் கண்முன் விரிகின்றது. அப்போராட்டத்தின் முதன்மையான களம் அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

குழந்தைக்கென மோட்டார் வண்டியில் ஓர் ஆசனம் அமைக்கும் எண்ணம் பாதுகாப்பை முன்னிட்டுத் தோன்றியதன்று. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பனி பெயார் என்னும் கம்பனி ஒருவகைக் குழந்தை ஆசனத்தைத் தயாரித்தது. குழந்தையை உயர்த்தி அமர்த்துவதே அதன் நோக்கம். உயரமாக இருந்தால் குழந்தை வெளியே பார்க்கும். வண்டி ஓட்டுபவரும் குழந்தையைக் கண்காணிக்கலாம். அது அங்குமிங்கும் தவழ்ந்து தொல்லை தராது. 1940களில் உலோகச் சட்டத்தில் தடித்த துணியைக் கட்டி, முன்னாசனத்தின் முதுகில் கொளுவித் தொங்கவிடும் ஆசனங்கள் கடைகளுக்கு வந்தன. பின்னர் சிலவற்றிலே குழந்தை விளையாடுவதற்கு ஒரு சிறிய சுக்கானும் பொருத்தப்பட்டது. மோதல் நேர்ந்தால் அந்தக் கொளுக்கி கழன்று குழந்தையும் ஆசனமும் ஒன்றாகவே முன்னே எறியப்படும் என்பதை விற்றவர்கள் சிந்திக்கவில்லை. வாங்கியவர்களுக்கு அதனை எடுத்துச் சொல்வாருமில்லை.

அக்காலத்தில் பெரியவர்களுக்கே பட்டி இருக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1956இல் போர்ட் கம்பனி பட்டிகளை மேலதிக விலைக்கு விற்கும் பொருளாகவே முன்வைத்தது. பாதுகாப்பு விற்பனைக்கு உதவாது என்னும் கருத்து அத்தொழிலில் வேரூன்றியிருந்தது. விபத்து நேர்ந்தால் ஓட்டியவரே குற்றவாளி, வண்டி குற்றமற்றது. இதுவே வண்டி செய்தோரின் தத்துவம். அத்தத்துவத்தின்படி சாவுக்கும் உற்பத்திக்கும் எத்தொடர்பும் இல்லை.

மோதலின் விஞ்ஞானம்

இத்தத்துவத்தை உடைத்தவர்கள் உடலுக்கு என்ன நேர்கின்றது என்று பொறுமையாக ஆராய்ந்தவர்களே. முதலாம் உலகப் போர்க்காலத்தில் விமானப் பயிற்சியின்போது விபத்துக்குள்ளாகி உயிர் தப்பிய ஹியூ டிஹேவன், பின்னாளில் உயரமான இடங்களிலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைப் பற்றி 1942இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வீழ்ச்சி தானாகக் கொல்வதில்லை. உடல் எவ்வளவு தூரத்தில், எதன்மீது, எவ்வாறு நிறுத்தப்படுகின்றது என்பதே உயிரைத் தீர்மானிக்கின்றது என்பது அவருடைய முடிவு. உடையும் பொருளைப் பெட்டியில் அடைப்பவன் அது ஆடாதபடி பொதிந்து வைக்கிறான் அல்லவா? மனிதரையும் வண்டிக்குள் அவ்வாறே பொதியவேண்டும் என்று அவர் வாதிட்டார்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். வண்டி மணிக்கு 48 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 13 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது எனக் கொள்வோம். அது ஒரு சுவரில் மோதி, முன்பகுதி நசுங்கி, அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடுகின்றது. அந்த அரை மீற்றருக்குள் தானும் நிற்கவேண்டிய 10 கிலோ எடையுள்ள குழந்தையை நிறுத்துவதற்கு, அதன் எடையைப் போல் 18 மடங்கு விசை தேவைப்படுகின்றது. அதாவது ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமமான விசை. மூன்று வளர்ந்த மனிதரின் எடையை ஒரு கணத்தில் தாங்கிப் பிடிக்கக்கூடிய தாய் உலகில் இல்லை. மடியே பாதுகாப்பு என்ற நம்பிக்கை எவ்வளவு அன்பிற் பிறந்ததாயினும் பௌதிக விதிகள் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

பட்டி ஏன் இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதற்கும் இக்கணக்கே விடை தருகின்றது. பட்டி தளர்ந்திருந்தால், வண்டி நின்றுகொண்டிருக்கும் அக்கணத்தில் குழந்தை ஆசனம் பழைய வேகத்திலேயே முன்னேறிச் செல்லும். தளர்வு முழுவதும் தீர்ந்து பட்டி இழுபடும்போது வண்டி பெரும்பாலும் நின்றுவிட்டிருக்கும். அரை மீற்றரில் நின்றிருக்கவேண்டிய குழந்தை அதிற் சிறு பங்கு தூரத்திலேயே நிற்க நேர்வதால், விசை பன்மடங்காகின்றது. அத்துடன் தலையும் கூடுதலாக முன்னே பாய்ந்து முன்னாசனத்தில் மோதக்கூடும். ஆகவே பட்டியின் இறுக்கத்திலேயே முழுப் பாதுகாப்பும் தங்கியிருக்கின்றது.

1958இல் வொல்வோ கம்பனியிற் சேர்ந்த நில்ஸ் பொலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியியலாளர், அதற்கு முன் விமானியை வெளியே எறியும் ஆசனங்களை அமைப்பதில் ஈடுபட்டிருந்தவர். இடுப்பையும் மார்பையும் ஒரே பட்டியால் மூன்று இடங்களிற் பிணைக்கும் முறையை அவர் உருவாக்கினார். 1959இல் அது விற்பனை வண்டிகளில் இடம்பெற்றது. ஏனைய கம்பனிகளும் பயன்படுத்தும் வண்ணம் அதன் காப்புரிமையை வொல்வோ திறந்துவிட்டது.

குழந்தைக்கான உண்மையான பாதுகாப்பு ஆசனங்கள் 1962இல் தோன்றின. இங்கிலாந்தில் ஜீன் ஏம்ஸ் என்பவர் கவர் வடிவப் பட்டியுடன் ஓர் ஆசனத்தையும், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெனார்ட் ரிவ்கின் என்பவர் உலோகச் சட்டத்தினாலான ஓர் ஆசனத்தையும் அமைத்தனர். சுவீடனில் பேர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவ அறிஞர் வேறொரு திசையிற் சிந்தித்தார். ஜெமினி விண்கலத்தின் பயணிகள், முதுகு முழுவதாலும் விசையைத் தாங்கும் வண்ணம் சாய்ந்து கிடப்பதை அவர் கவனித்தார். குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு, கழுத்தோ மென்மையானது. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டி நிறுத்திவிட்டாலும் தலையை நிறுத்துவது அந்த மென்கழுத்து ஒன்றே. பின்னோக்கி அமர்த்தினால் விசை முதுகெங்கும் பரவுகின்றது. 1964இல் வொல்வோ வண்டியில் இவ்வாசனம் பரிசோதிக்கப்பட்டது. சுவீடனில் நான்கு வயதளவும் குழந்தைகளைப் பின்னோக்கி அமர்த்தும் வழக்கம் இம்மரபிலிருந்தே வளர்ந்தது.

தெருவில் நின்ற மருத்துவர்கள்

அறிவு பிறந்துவிட்டால் அது தானாகவே மக்களைச் சென்றடைந்துவிடும் என்று எண்ணுவது வரலாற்றை அறியாதோர் கொள்கை. 1966இல் மட்டும் அமெரிக்க வீதிகளில் 50,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரத்தம் தோய்ந்த குழந்தைகளைத் தம் கைகளில் ஏந்திய மருத்துவர்களே முதலிற் கிளர்ந்தெழுந்தனர். நியூ ஜேர்சியைச் சேர்ந்த சிறுவர் மருத்துவர் சீமோர் சார்ள்ஸ் முதலியோர் 1965இல் நியூயோர்க் மோட்டார் கண்காட்சியின் முன்னே மறியல் செய்தனர். மோட்டார்ப் பாதுகாப்புக்கான மருத்துவர் சங்கம் அவ்வாறு உருவாகியது. அதே ஆண்டின் இறுதியில் ரால்ஃப் நேடர் என்ற இளம் சட்டத்தரணியின் நூலொன்று வெளிவந்து, வண்டியின் அமைப்பே கொல்கின்றது என்பதை ஆதாரத்துடன் எடுத்துக்காட்டியது. ஜெனரல் மோட்டோர்ஸ் கூட்டுத்தாபனம் அதற்கு விடை கூறுவதை விடுத்து, அவரை வேவு பார்க்க ஆள் வைத்தது. 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனற் சபைக் குழுவின் முன் தோன்றி மன்னிப்புக் கோரவேண்டியதாயிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1968 முதல் புதிய கார்களிற் பட்டி பொருத்துவது கட்டாயமாயிற்று.

பட்டி வந்ததும் குழந்தை ஆசனத்தைப் பிணைப்பதற்கு ஒரு பற்றுக்கோடு கிடைத்தது. 1968இல் போர்ட் கம்பனியும், அடுத்து ஜெனரல் மோட்டோர்ஸும் தமது குழந்தை ஆசனங்களை வெளியிட்டன. 1971இல் அரசாங்கம் முதலாவது தர விதியை நடைமுறைப்படுத்தியது; ஆசனங்கள் வண்டியின் பட்டியால் பிணைக்கப்படவேண்டும் என்று அது பணித்தது. ஆனால் மோதற் பரிசோதனை எதனையும் அது கோரவில்லை. அசையாமல் நிற்கும் ஆசனத்தை இழுத்துப் பார்த்தாற் போதும்! 1972இல் பாவனையாளர் அமைப்பொன்று ஆசனங்களை உண்மையான மோதலுக்குச் சமமான பரிசோதனைக்கு உட்படுத்தியபோது பல ஆசனங்கள் தோல்வியுற்றன. சட்டத்தின் முத்திரையைப் பெற்ற பொருளே குழந்தையைக் காக்கத் தவறியது. மருத்துவர்களும் பெற்றோரும் விடாது வற்புறுத்தியும், மோதற் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் புதிய விதி 1981 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. பத்து ஆண்டுகள் கழிந்தன. அப்பத்து ஆண்டுகளிற் பிறந்த குழந்தைகளுக்கு அந்தத் தாமதம் வெறும் நிருவாகச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

இதற்கிடையில் ரெனசி மாநிலத்தில் இன்னொரு முயற்சி நடைபெற்றது. ரதர்போர்ட் மாவட்டத்தின் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றிய சிறுவர் மருத்துவர் றொபேர்ட் சான்டர்ஸ், தொற்றுநோய்க்கு ஊசி போடுவதைப் போன்றே குழந்தை ஆசனமும் நோய்த்தடுப்பு என்று கருதினார். 1976இல் அவர் முன்னின்ற மசோதா தோற்றது. ஏனைய சிறுவர் மருத்துவர்களைத் திரட்டிச் சட்டமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராக அணுகினார். 1977இல் மசோதா நிறைவேறியது. 1978 ஜனவரி முதலாந் திகதி முதல், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தகுந்த ஆசனத்தில் அமர்த்துவது பெற்றோரின் சட்டக் கடமையாகியது. அமெரிக்காவில் இத்தகைய சட்டங்களில் இதுவே முதலாவது.

ஆயினும் எதிர்ப்பாளர்கள் அதிலே ஒரு விதிவிலக்கைப் புகுத்தியிருந்தனர். குழந்தையைக் கையில் ஏந்திச் சென்றால் ஆசனம் வேண்டியதில்லை! தாயின் மடியைப் போற்றும் பழைய உணர்ச்சியே அங்கு வாதமாகப் பயன்பட்டது. மோதலின்போது ஏந்தியவரின் உடலே குழந்தையை நசுக்கும் என்பதை அறிந்த சான்டர்ஸ் அதனைக் குழந்தை நசுக்கும் விலக்கு என்று சாடினார். 1981இல் அது நீக்கப்பட்டது. 1985 அளவில் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன. ஆசனம் வாங்க வசதியற்ற குடும்பங்களுக்கு மருத்துவமனைகளும் பொதுநல அமைப்புகளும் ஆசனங்களை இரவலாக வழங்கும் திட்டங்களைத் தொடங்கின. வாங்க இயலாதவரைத் தண்டிக்கும் சட்டம் அரைச் சட்டமே என்பதை அங்கு களத்தில் நின்றவர்கள் உணர்ந்திருந்தனர்.

இறுகாத பட்டி

சட்டம் வந்தது, ஆசனமும் வந்தது. எனினும் கதை அத்துடன் முடியவில்லை. ஆசனத்தைச் செய்தவர் ஒருவர். வண்டியைச் செய்தவர் இன்னொருவர். இரண்டையும் பொருத்தவேண்டியவரோ மூன்றாமவரான பெற்றோர்.

வண்டியின் பட்டி பெரியவர்களுக்காக அமைக்கப்பட்டது. பெரியவர் வசதியாக அசைவதற்காக, பட்டியைச் சுருட்டும் கருவி நாளாந்த ஓட்டத்தில் பட்டியைத் தாராளமாக விட்டுக்கொடுக்கும். திடீரெனக் குலுங்கினால் மட்டுமே பூட்டிக்கொள்ளும். பெரியவருக்கு நன்மையான இந்த ஏற்பாடு குழந்தை ஆசனத்துக்குக் கேடாயிற்று. வளைவுகளிலும் மேடுபள்ளங்களிலும் பட்டி சிறிது சிறிதாக நெகிழ, காலையில் இறுக்கிய ஆசனம் மாலையில் ஆடிக்கொண்டிருக்கும். இதற்குப் பரிகாரமாக, பட்டியின் இரு பகுதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஓர் உலோகக் கவ்வி ஆசனத்துடன் கொடுக்கப்பட்டது. அதனைப் பூட்டின் அருகே, உரிய இடத்தில், உரிய முறையிற் கோக்கவேண்டும். பலர் அது எதற்கென்றே அறியவில்லை. சில வண்டிகளில் பட்டியின் அடிப்பகுதி ஆசனமும் முதுகுச்சாய்வும் சேரும் மடிப்பிலிருந்து வெகுவாக முன்தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அவ்வாறான பட்டியை எவ்வளவு பலம்கொண்டு இழுத்தாலும் குழந்தை ஆசனத்தைப் பின்னோக்கி இறுக்க முடியாது. குழிவான இருக்கை மெத்தைகள் மேலும் இடர் செய்தன.

1996இல் நான்கு மாநிலங்களில் நடத்தப்பட்ட ஆய்வில், கவனிக்கப்பட்ட குழந்தை ஆசனங்களில் ஏறத்தாழ 80 சதவீதமானவை ஏதேனும் ஒரு வகையிற் பிழையாகவே பயன்படுத்தப்பட்டிருந்தன. தளர்ந்த பட்டியும், குழந்தையைப் பிடிக்கும் உட்பட்டிகளின் தளர்வும் அப்பிழைகளுள் முக்கியமானவை. இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஒரு வகுப்பில் பத்து மாணவர்களுள் எட்டுப் பேர் ஒரே பாடத்தில் தவறினால் நேர்மையான ஆசிரியர் என்ன செய்வார்? மாணவர்களின் மந்தபுத்தியைப் பழிப்பாரா, அல்லது தமது பாடத்தையும் பாடநூலையும் பரிசோதிப்பாரா? எட்டுப் பெற்றோர் தவறிய இடத்தில் தவறு பெற்றோரின் கையில் மாத்திரம் இருக்கவில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட பொருளிலும் இருந்தது.

இவ்வுண்மையை வேறொரு நாடு முன்னரே உணர்ந்திருந்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970இல் பட்டி அணிவதைச் சட்டமாக்கி உலகுக்கு வழிகாட்டியது. அந்நாட்டில் 1976 முதல், குழந்தை ஆசனத்தின் மேற்பகுதியை வண்டியோடு கட்டும் வாருக்கான பிணைப்பிடத்தை வண்டி செய்பவரே அமைத்துத் தரவேண்டும் என விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் அத்தகைய வாருக்குப் பெற்றோரே தம் வண்டியில் துளையிட்டுப் பிணைப்பிடம் அமைக்கவேண்டியிருந்தது. இயல்பாகவே பெரும்பாலோர் அதனைக் கட்டாமல் விட்டனர். 1981ஆம் ஆண்டின் விதி, மேல்வார் இன்றி இடுப்புப் பட்டியால் மட்டும் பிணைத்தாலும் ஆசனம் தாக்குப்பிடிக்கவேண்டும் எனக் கோரியமைக்கு இதுவே காரணம். வண்டிக் கைத்தொழிலைப் பணிக்கத் தயங்கிய அரசு, முழுச் சுமையையும் அந்த ஒற்றைப் பட்டியின்மீதும் அதனை இழுக்கும் கையின்மீதும் ஏற்றிவைத்தது.

மாற்றம் மெல்லவே வந்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து, குழந்தை ஆசனத்தை இறுகப் பிடித்து வைக்கும் வண்ணம் பூட்டக்கூடிய பட்டிகள் அமெரிக்க வண்டிகளிற் கட்டாயமாயின. அதாவது, பட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பின் உள்ளே விட்டால் பற்சில்லின் ஒலியுடன் அது ஒரு வழியிலேயே நகரும். அல்லது பூட்டின் நாக்கே பட்டியைக் கவ்விக்கொள்ளும். 1995இல் அரசாங்கம் அமைத்த நிபுணர் குழு எல்லா வண்டிகளுக்கும் பொதுவான பிணைப்பு முறை ஒன்றைப் பரிந்துரைத்தது. ஐரோப்பாவில் 1990 முதல் உருவாகிவந்த ஐசோபிக்ஸ் முறை 1999இல் சர்வதேசத் தரமாயிற்று. அமெரிக்காவில் 2002 செப்ரெம்பர் முதல் புதிய கார்கள் யாவும், ஆசனங்களும், இருக்கை மடிப்பிலுள்ள உலோகக் கம்பிகளோடு நேரே பொருந்தும் அமைப்பைக் கொண்டிருக்கவேண்டும் எனப் பணிக்கப்பட்டது.

ஆயினும் பட்டியின் காலம் முடிந்துவிடவில்லை. அந்தக் கம்பிகளுக்கு எடை வரம்பு உண்டு; குழந்தை வளர்ந்ததும் மீண்டும் பட்டியையே நாடவேண்டும். பல வண்டிகளின் பின்னிருக்கை நடுவில் அக்கம்பிகள் இல்லை. பழைய வண்டிகளில் அறவே இல்லை; பழைய வண்டிகளை ஓட்டுவோர் பெரும்பாலும் வசதி குறைந்தோரே. ஆகவே அப்பட்டியை முறையாகக் கட்டும் அறிவு இன்றும் மக்களுக்கு உரியதாக வேண்டும். அம்முறை கடினமானதன்று. ஆசனத்தில் அதற்கென அமைந்த வழியே பட்டியை முறுக்கின்றிக் கோத்துப் பூட்டவேண்டும். பின்னோக்கி வைப்பதற்கும் முன்னோக்கி வைப்பதற்கும் வழிகள் வெவ்வேறு. பின் கையையோ முழங்காலையோ ஆசனத்தில் ஊன்றி எடையை அழுத்தியவாறு பட்டியை இழுத்து இறுக்கி, அதனை நெகிழாத நிலையிற் பூட்டவேண்டும். முன்னோக்கிய ஆசனமாயின் மேல்வாரையும் கட்டவேண்டும். இறுதியில், பட்டி செல்லும் இடத்தில் ஆசனத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்கவேண்டும். எப்பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையலாகாது. எதிரே காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது. 1990களில் விரிந்த காற்றுப்பைகளால் சிசுக்கள் மாண்ட துயரமே அப்பாடத்தைப் புகட்டியது.

இவ்வளவு போராட்டத்தின் பயன் என்ன? அமெரிக்க அரசாங்கத்தின் கணிப்பின்படி, முறையாக அமைந்த குழந்தை ஆசனம் கார்களில் ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களின் மரண ஆபத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுவரையான குழந்தைகளின் ஆபத்தை 54 சதவீதமும் குறைக்கின்றது. 1975 முதல் 2017 வரை 11,600க்கு மேற்பட்ட இளங்குழந்தைகளின் உயிர்கள் இவ்வாறு காக்கப்பட்டன. ஆனால் இப்பயன் உலகெங்கும் சமமாகப் பரவவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நல்ல முறையில் அமைந்த குழந்தை ஆசனச் சட்டங்கள் 33 நாடுகளிலேயே இருந்தன. உலக மக்களில் ஏறத்தாழ 9 சதவீதத்தினரே அந்நாடுகளில் வாழ்ந்தனர்.

தனிமனிதரின் கவனத்தை இவ்வரலாறு இழிவுபடுத்தவில்லை. பட்டியை இழுத்து இறுக்கும் கை என்றும் இன்றியமையாதது. ஆனால் அக்கைக்கு இறுகக்கூடிய பட்டியைக் கொடுப்பது சமுதாயத்தின் கடமை. ஒவ்வொரு படியிலும் அக்கடமையை நினைவூட்டியோர் மறியல் செய்த மருத்துவர்கள், வழக்காடிய இளைஞர்கள், கேள்வி கேட்ட பெற்றோர்கள். வண்டி செய்தோர் தாமாக மனமிரங்கி அளித்தவை மிகச் சில. மக்கள் கோரிப் பெற்றவையே பல. பெரும்பாலான மக்கள் தவறுகிறார்கள் என்று யாராவது கூறக் கேட்கும்போது, அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருப்பது என்ன என்று திருப்பிக் கேட்கும் துணிவை நம் மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து பெறுவார்களாக.